இரண்டாம் பாகத்தில் அந்த இடம்

சனிக்கிழமை கச்சேரி முடிந்ததும் அமீரா தன் வாப்பாவிடம் சொன்னது பொய். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு வரைக்கும் ரவூப் அதை உண்மையென்றே நம்பிக்கொண்டிருந்தார்.

நம்பாமல் இருக்க அவருக்குக் காரணம் இல்லை. எத்தனையோ தமிழ்ப் படங்களுக்கு இசையமைத்த ரவூப், முதல் தடவையாக முழு ஆர்க்கெஸ்ட்ராவுக்கு ஒரு வயலின் கான்செர்ட்டோ, அதாவது தனி வயலினை நடுவில் வைத்த நீண்ட இசைப் படைப்பு, எழுதியிருந்தார். சிங்கப்பூர் எஸ்பிளனேட் அரங்கில் சனிக்கிழமை அதன் அரங்கேற்றம். வயலின் வாசித்தது அவருடைய ஒரே மகள் அமீரா. இரண்டாம் பாகத்தில் ஆர்க்கெஸ்ட்ரா முழுவதும் அடங்கி, வயலின் மட்டும் தனியாகப் பேச வேண்டிய இடம் வந்தபோது, ரவூப் தன் இருக்கையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் எழுதியிருந்தது விரல்கள் பறக்கிற மாதிரி ஒரு கடினமான பகுதி. அவர் காதில் விழுந்ததோ வேறு. கீழ்த் தந்திகளில், மெதுவாக, ஒருவர் சொல்ல வந்ததைச் சொல்லத் தயங்குவதைப் போல ஒன்று.

"மேல் தந்தி தளர்ந்து இறங்கிடுச்சு வாப்பா," என்றாள் அமீரா, மேடைக்குப் பின்னால். "எழுதினதை வாசிக்க முடியல. கையில வந்ததை வாசிச்சு ஒப்பேத்திட்டேன்."

ஆர்க்கெஸ்ட்ராவை நடத்திய லிம்மிடமும் நிர்வாகி மிஸ் டானிடமும் அதையே சொன்னாள். எல்லோரும் அவளைத் தேற்றினார்கள். ரவூப் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

ஞாயிறு காலை, செங்காங் வீட்டிலிருந்து வானொலி நிலையத்துக்குக் காரில் போகும்போது, ஆங்கிலப் பத்திரிகையின் விமர்சனம் அமீராவின் போனில் வந்திருந்தது. ரவூப் காரை ஓட்டிக்கொண்டே, "வாசி," என்றார்.

"முதல் பாகம் ரொம்ப நீளமாம். ஒரு படத்துக்கான பின்னணி இசை, படம்தான் காணோமாம்."

"சொல்வான்னு தெரியும். அப்புறம்?"

அமீரா அடுத்த வரியைப் பார்த்தாள். அந்தத் தனி வாசிப்பில் மட்டும்தான் இசையமைப்பாளர் ரவூப் யாருக்கும் எதையும் நிரூபிக்க முயலவில்லை என்று எழுதியிருந்தது.

"அவ்வளவுதான் வாப்பா. மத்ததெல்லாம் டிக்கெட் விவரம்."

போனைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டாள்.

அவளுக்கு வேறு பயமும் இருந்தது. அந்த ஆர்க்கெஸ்ட்ராவில் அவள் இன்னும் நிரந்தரமாகவில்லை. ஓராண்டுத் தகுதிகாண் காலம் முடிகிற நேரம். அப்பா எழுதினார், அதனால் மகளுக்குத் தனி வயலின் கிடைத்தது என்ற பேச்சு ஒத்திகையின் முதல் நாளிலேயே அவள் காதுக்கு வந்துவிட்டது. அப்படிப்பட்ட இடத்தில், அரங்கேற்ற மேடையில் தாளில் இல்லாததை வேண்டுமென்றே வாசித்தவள் என்று தெரிந்தால் என்ன ஆகும் என்று யாரும் அவளுக்குச் சொல்லத் தேவையில்லை. தந்தி இறங்கினால் விபத்து. விபத்தை யாரும் குற்றமாகப் பார்ப்பதில்லை.

வானொலியில் ஞாயிறு காலை நிகழ்ச்சியைச் சுதா நடத்தினாள். கச்சேரியைக் கேட்டவர்கள் போனில் கருத்துச் சொல்ல வேண்டும். தந்தையும் மகளும் நிலையத்தில் உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டும். சுதா இருவருக்கும் ஹெட்போனை நீட்டினாள்.

"நேயர்கள் காட்டமா ஏதாவது சொன்னா தப்பா எடுத்துக்காதீங்க சார்."

"பாட்டு நல்லா இல்லைன்னு எத்தனை தயாரிப்பாளர் என் மூஞ்சிக்கு நேரா சொல்லியிருக்காங்க தெரியுமா," என்று ரவூப் சிரித்தார்.

முதல் அழைப்பு ஆங் மோ கியோவிலிருந்து, சுப்பிரமணியம் என்பவர்.

"சார், உங்க படப்பாட்டு எல்லாம் எனக்கு மனப்பாடம். உண்மையைச் சொல்றேன், நேத்து எனக்கு ஒண்ணும் பிடிபடல. ஒரு இடத்துல முடிஞ்சுதுன்னு நினைச்சுக் கைதட்டினேன். பக்கத்துல இருந்த அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாங்க பாருங்க, அதோட சுருங்கிட்டேன். ஒரு பல்லவி மாதிரி வெச்சிருக்கலாமே சார், நாங்க பிடிச்சுக்கிட்டுப் போறதுக்கு."

அடுத்து வைஷாலி. வயலின் கற்றுக்கொள்கிற கல்லூரி மாணவி. "முதல் பாகம் கேட்கும்போது யாரோ யாரையோ துரத்துற மாதிரியே இருந்துச்சு. ரொம்ப பிஸி லா. ஆனா அந்த செகண்ட் மூவ்மென்ட்ல வயலின் மட்டும் வர்றது, அதுக்கு நோட்ஸ் கிடைக்குமா சார்? நான் வாசிச்சுப் பார்க்கணும்."

ரவூப் தொண்டையைச் செருமினார். "பார்க்கலாம்மா."

மூன்றாவது அழைப்பில் ஒரு வயதான பெண்ணின் குரல். பெயர் செல்லக்கண்ணு என்றார். எங்கிருந்து பேசுகிறார் என்று சொல்லவில்லை.

"எனக்கு இந்த மாதிரி சங்கீதம் எல்லாம் தெரியாது. என் மருமக டிக்கெட் வாங்கிட்டா, வீணாகக்கூடாதுன்னு போனேன். எல்லா வாத்தியமும் நின்னு போய் உங்க பொண்ணு மட்டும் வாசிச்சாங்க இல்ல, அப்ப எனக்கு என் தங்கச்சி ஞாபகம் வந்துடுச்சு. நாங்க பேசிக்கிறது இல்ல. ரொம்ப வருஷமாச்சு. வீட்டுக்கு வந்ததும் அவளுக்கு போன் பண்ணிட்டேன்." கொஞ்சம் நிறுத்தினார். "அதை எப்படிங்க எழுதினீங்க?"

சுதா கையால் ரவூபுக்குச் சைகை காட்டினாள். ரவூப் மைக்கைப் பார்த்தார். அமீரா மேசையைப் பார்த்தாள்.

"அது வந்தும்மா," என்றார் ரவூப். "சில இடங்கள் நாம எழுதுறது இல்ல. எழுத உட்காரும்போது அதுவா வந்துடும். ஏன், எப்படின்னு கேட்டா எனக்கே சொல்லத் தெரியாது."

சொல்லி முடித்த பிறகுதான், தான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. அதற்குள் சுதா அமீரா பக்கம் திரும்பிவிட்டாள்.

"அமீரா, வாசிக்கும்போது உங்களுக்கு எப்படி இருந்துச்சு?"

"வாப்பா என்ன நினைச்சு எழுதினாங்களோ, அதைக் கொண்டு வரணும்னு வாசிச்சேன்," என்றாள் அமீரா. அவள் குரலில் எந்தத் தடுமாற்றமும் இல்லை.

காருக்குத் திரும்பி நடக்கும்போது ரவூப்தான் முதலில் பேசினார்.

"லைவ்ல உட்கார்ந்துகிட்டு தந்தி இறங்கிடுச்சுன்னு சொல்ல முடியுமா?"

"நான் ஒண்ணும் கேட்கலயே வாப்பா."

"இன்னைக்குப் புதுத் தந்தி போட்டிருக்கதானே?"

"போட்டிருக்கேன்."

"அப்ப இன்னைக்கு நாலு மணிக்கு ரெண்டாவது கச்சேரியில எழுதினபடியே வாசிச்சுடலாம். ஒப்பேத்தினதுக்கே இப்படின்னா, ஒழுங்கா கேட்டா என்ன சொல்றாங்கன்னு பார்ப்போம்."

அமீரா காரில் ஏறி சீட் பெல்ட்டை மாட்டிக்கொண்டாள். ரவூப் டன்லப் ஸ்ட்ரீட்டுக்குக் காரை விட்டார்.

அங்கே பள்ளிவாசலுக்குப் பக்கத்தில் அப்துல் மஜீதின் பிரியாணிக் கடை. ரவூபின் மனைவி சம்சுன்னிசா எம்ஆர்டி ரயிலில் வந்து, ஏற்கெனவே ஒரு மேசையைப் பிடித்து வைத்திருந்தாள். மஜீது கல்லாவை விட்டு எழுந்து வந்து, ரவூபின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பாய், நானும் வந்திருந்தேன். எல்லாம் பிரமாதம். ஆனா பாட்டு எப்ப வரும், பாட்டு எப்ப வரும்னு கடைசி வரைக்கும் காத்துக்கிட்டே இருந்தேன்."

"வரலையா?"

"நடுவுல ஒரு தடவை வந்துச்சு. வயலின் தனியா வாசிச்சுச்சே, அப்ப. உடனே போயிடுச்சு." மஜீது அமீராவைப் பார்த்துத் தலையசைத்தார். "அந்த இடத்துல நான் மூச்சே விடல."

அவர் போனதும் ரவூப் பிரியாணித் தட்டைத் தன் பக்கம் இழுத்தார். "எல்லாரும் அதையே பிடிச்சுக்கிட்டுத் தொங்குறாங்க," என்றார். வேடிக்கையாகச் சொல்ல நினைத்தது அப்படி வரவில்லை.

"நல்லா இருந்தா சொல்லத்தான் செய்வாங்க," என்றாள் சம்சுன்னிசா, அப்பளத்தை உடைத்துக்கொண்டே. "எனக்கு அது புதுசாவே தெரியல. நோன்புப் பெருநாள் முடிஞ்சதுலேர்ந்து இவ ரூமைச் சாத்திக்கிட்டு அதைத்தானே வாசிச்சா. கேட்டுக் கேட்டு, சமைக்கும்போது எனக்கே வாயில வரும்."

அமீராவின் கை சோற்றில் அப்படியே நின்றது.

சம்சுன்னிசா மகளைப் பார்த்தாள். பிறகு கணவனைப் பார்த்தாள். தான் சொல்லக்கூடாத எதையோ சொல்லிவிட்டோம் என்பது அவளுக்குப் புரிந்தது. என்ன என்பது புரியவில்லை.

"தந்தி இறங்கல," என்றார் ரவூப்.

"இல்ல வாப்பா."

"லிம்கிட்டயும் பொய். என்கிட்டயும் பொய்."

"ஆமா."

கடையில் கூட்டம் இருந்தது. இரண்டு மேசை தள்ளி ஒரு குடும்பம் ரவூபை அடையாளம் கண்டுகொண்டு தங்களுக்குள் பேசிக்கொண்டிருந்தது. அதனால் ரவூப் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் பரவாயில்லை என்று அமீராவுக்குத் தோன்றியது.

"அரங்கேற்றத்தன்னைக்கு, அத்தனை பேருக்கு முன்னால, என் இசையைத் தூக்கிப் போட்டுட்டு உன் இசையை வாசிச்சிருக்க. ஏன்?"

"நோன்பு நேரத்திலயே சொன்னேனே வாப்பா. அந்த இடம் சரியா வரலன்னு."

"வாசிக்கிறவ வாசின்னு சொன்னேன்."

"எழுதுறதை நான் பார்த்துக்கிறேன்னும் சொன்னீங்க. நோட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்துட்டு எழுந்து போயிட்டீங்க." அமீரா தண்ணீரைக் குடித்தாள். "இரண்டாம் பாகம் முழுக்க ஒருத்தர் மெதுவா மனசைத் திறந்துக்கிட்டு வர்றார். சரியா அந்த இடத்துல வந்து வித்தை காட்ட ஆரம்பிச்சிடுறார். நீங்க அந்த இடத்துல பயந்துபோய் எழுதியிருக்கீங்க வாப்பா."

"நானா?"

"சினிமாக்காரர்னு சொல்லிடுவாங்கன்னு. கஷ்டமா எழுதினா மதிப்பாங்கன்னு."

ரவூபின் முகம் கறுத்தது. சம்சுன்னிசா அவர் கையைத் தொட்டாள். அவர் கையை விலக்கிக்கொண்டார்.

"நாலு மணிக்கு என் தாள்ல என்ன இருக்கோ அதை வாசி. ஒரு நோட்கூட மாறக்கூடாது."

"சரி வாப்பா."

அமீரா எழுந்து கை கழுவப் போனாள். சம்சுன்னிசா தட்டைப் பார்த்தபடியே கேட்டாள்.

"காலையில ரேடியோவுல, அது நான் எழுதினது இல்லைன்னு சொல்லியிருக்கலாமே நீங்க."

"நீ கேட்டியா?"

"நான் மட்டுமா கேட்டேன்?"

பிரியாணி பாதித் தட்டில் ஆறிக்கொண்டிருந்தது. மஜீது காசு வாங்க மறுத்தார். அதைக்கூட ரவூப் கவனிக்காமல் வெளியே நடந்தார்.

அன்று மாலைக் கச்சேரிக்கு, முதல் நாள் காலியாகக் கிடந்த மேல்மாடிகூட நிறைந்திருந்தது. வானொலியைக் கேட்டுவிட்டு வந்தவர்கள் பலர். புடவையும் பஞ்சாபி உடையும் வேட்டியும் தென்பட்டன. கணவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சம்சுன்னிசா கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டே இருந்தாள்.

இரண்டாம் பாகத்தில் ஆர்க்கெஸ்ட்ராவின் வாத்தியங்கள் ஒவ்வொன்றாக அடங்கின. லிம் கோலைத் தாழ்த்திவிட்டு அமீராவைப் பார்த்தார். அமீரா வில்லைத் தூக்கினாள்.

எழுதியபடியே வாசித்தாள். ஒத்திகையில் ஒரு தடவைகூட இவ்வளவு சுத்தமாக வந்ததில்லை. மேல் தந்தியின் உச்சிவரை ஏறினாள், இறங்கினாள், இரண்டு தந்திகளை ஒரே வில்லில் சேர்த்து இழுத்தாள். எங்கேயும் பிசகவில்லை. ரவூப் எழுதிய அத்தனையும் அதில் இருந்தது. ஒவ்வொரு நோட்டையும் அவள் அவர் முன்னால் எடுத்து வைத்துக் காட்டுவதைப் போல இருந்தது.

தன் இசையை ரவூப் அப்போதுதான் முழுசாகக் கேட்டார். பின்வரிசையில் யாரோ இருமினார்கள். ஒருவர் நிகழ்ச்சிக் கையேட்டைப் புரட்டினார். மகள் சொன்னது சரி என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகும் அது முடிகிறவரை உட்கார்ந்து கேட்க வேண்டியிருந்தது.

கடைசியில் கைதட்டல் பலமாகவே இருந்தது. யாரும் எழுந்து நிற்கவில்லை.

வெளிக் கூடத்தில் ரவூபைச் சுற்றிக் கூட்டம் சேர்ந்தது. சிலர் போனில் படம் எடுத்தார்கள். சுதாவும் வந்திருந்தாள். மிஸ் டான் கொஞ்சம் தள்ளி, ஆர்க்கெஸ்ட்ராவுக்கு நன்கொடை தருகிறவர்களுடன் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்.

மங்கலான நீலப் புடவையில் ஒரு பெண் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். அவர் கையைப் பிடித்தபடி, அவர் சாடையிலேயே இன்னொருவர்.

"நான்தாங்க காலையில போன் பண்ணினேன். செல்லக்கண்ணு. இது என் தங்கச்சி."

"வாங்கம்மா," என்றார் ரவூப்.

"இவ கேட்கணும்னு இழுத்துக்கிட்டு வந்தேன். அந்த இடம் வரும், வரும்னு சொல்லிக்கிட்டே இருந்தேன். வரவே இல்லையே." அவர் ரவூபின் முகத்தைத் தேடினார். "நான்தான் நேத்து எதையாவது தப்பாக் கேட்டுட்டேனா?"

"நல்லாத்தாங்க இருந்துச்சு," என்றார் தங்கை, அக்காவுக்காகவும் ரவூபுக்காகவும் சேர்த்து.

ரவூப் ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு மாதிரி அமையும் என்றால் அவர்கள் நம்பிக்கொண்டு போயிருப்பார்கள். ஆனால் அந்த அம்மாள் தன் காதையே சந்தேகப்பட்டு நின்றதை அவரால் பார்க்க முடியவில்லை.

"நீங்க தப்பாக் கேட்கலம்மா. நேத்து நீங்க கேட்டது நான் எழுதினதே இல்ல. என் மகள் எழுதினது. பல வாரமா உட்கார்ந்து எழுதி, எனக்குத் தெரியாம வாசிச்சா. காலையில ரேடியோவுல நான் எழுதின மாதிரி பேசினது தப்பு. இன்னைக்கு அது வராததுக்கும் நான்தான் காரணம். வாசிக்காதேன்னு சொல்லிட்டேன்."

சுற்றி நின்றவர்களில் யாரோ கைதட்டினார். இன்னும் நாலைந்து பேர் சேர்ந்துகொண்டார்கள். மாலை முழுவதும் அவர் காத்திருந்த கைதட்டலைவிட அது அவருக்கு நிம்மதியாக இருந்தது.

சம்சுன்னிசா மட்டும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். மிஸ் டான் அருகிலிருந்த ஒரு தமிழ் இளைஞரிடம், ரவூப் என்ன சொல்கிறார் என்று கேட்பதும், அவர் குனிந்து ஆங்கிலத்தில் சொல்வதும் அவளுக்குத் தெரிந்தது. மிஸ் டானின் முகத்தில் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கலைந்தது. லிம்மைத் தேடிக்கொண்டு அவர் உள்ளே போனார்.

"என்னங்க," என்றாள் சம்சுன்னிசா. "அமீராகிட்ட போங்க. சீக்கிரம் போங்க."

அமீரா ஒப்பனை அறையில் வயலினைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ரவூப் கதவருகே நின்றே சொன்னார், கூடத்தில் நடந்ததை, ஒன்று விடாமல். சொல்லிவிட்டு அவள் முகம் மலர்வதற்காகக் காத்திருந்தார்.

"மிஸ் டான் அங்க இருந்தாங்களா?" என்று கேட்டாள் அமீரா.

"இருந்தாங்க. ஏன்?"

"தந்தி இறங்கிடுச்சுன்னு அவங்ககிட்டயும் சொல்லியிருக்கேன் வாப்பா. ரிப்போர்ட்டிலயே எழுதிக்கிட்டாங்க. இந்த மாசம் என்னை வெச்சுக்கறதா வேண்டாமான்னு முடிவு பண்ணப் போறாங்க."

ரவூப் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நான் உனக்கு நல்லது பண்றதா நினைச்சேன்."

"தெரியும். எல்லாருக்கும் முன்னால உங்க மேல மதிப்பு கூடியிருக்கும். நான் பொய் சொன்னவளா நிக்கிறேன். சொல்றதுக்கு முன்னால என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"நீயும் என்னைக் கேட்காமத்தான் வாசிச்ச."

"கேட்டேன் வாப்பா. நீங்க முடியாதுன்னு சொன்னீங்க. அதுக்கப்புறம்தான் கேட்கல."

வயலினைப் பெட்டிக்குள் வைத்து அவள் மூடினாள்.

"நான் போய்ப் பேசறேன்," என்றார் ரவூப். "என் இசை. எனக்கு ஆட்சேபம் இல்லைன்னா அவங்களுக்கு என்ன?"

"அப்பா வந்து காப்பாத்திட்டாருன்னு சொல்வாங்க. ஏற்கெனவே அப்படித்தான் பேசிக்கிட்டு இருக்காங்க."

கதவு தட்டப்பட்டது. மிஸ் டானும் அவருக்குப் பின்னால் லிம்மும் நின்றார்கள். ஐந்து நிமிடம் பேச வேண்டும், மிஸ்டர் ரவூப் விரும்பினால் வெளியே இருக்கலாம் என்று மிஸ் டான் ஆங்கிலத்தில் சொன்னார்.

ரவூப் எழுந்தார்.

"இருங்க வாப்பா," என்றாள் அமீரா தமிழில். "ஆனா நான் சொல்ற வரைக்கும் எதுவும் பேசாதீங்க."

மிஸ் டான் உட்காரவில்லை. அமீராவை விட்டுவிட்டு நேராக ரவூபைத்தான் பார்த்தார். சனிக்கிழமை மேடையில் உங்கள் மகள் அப்படி வாசிக்கப் போகிறாள் என்று உங்களுக்கு முன்பே தெரியுமா, என்று கேட்டார்.

தெரியும் என்று ஒரு சொல் போதும். இசையமைப்பாளரின் சம்மதத்தோடு வாசித்தாள் என்று ஆகிவிடும். அதற்கு மேல் யாரும் எதையும் கேட்க முடியாது. ரவூப் வாயைத் திறந்தார். லிம் அவரையே கவனித்துக்கொண்டிருந்தார்.

அமீரா ஆங்கிலத்தில் முந்திக்கொண்டாள்.

"அவருக்குத் தெரியாது. தந்தி இறங்கவில்லை. அதை நான்தான் எழுதினேன், நான்தான் வாசித்தேன். உங்களிடம் பொய் சொன்னதும் நான்தான்."

லிம் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, அமீராவுக்கு எதிரே உட்கார்ந்தார். கதவைச் சாத்தச் சொன்னார்.

கதவுக்குப் பக்கத்தில் நின்றவர் ரவூப்தான். அவர் கதவைச் சாத்திவிட்டு வந்து, மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். வாயைத் திறக்கவில்லை.